வேண்டிய மடல் ஸ்பேமில் போய் விழாமல் இருக்க: கோவில் மடல், தமிழ் வகுப்பு மடல் நடத்துகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் சித்திரைக் காவடிக்கு ஊர்வல நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, அதை மின்னஞ்சல் மடலில் எழுதி அனுப்பியும் விட்டோம். அன்றைக்குப் பத்து நாள் விரதம் இருந்த ஒரு பெரியம்மா பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஃபீனிக்ஸிலிருந்து (இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம்) பழைய நேரத்துக்கு வந்து இறங்கினார். ஊர்வலம் கோவிலுக்குள்ளேயே போய்விட்டது. "மடல் அனுப்பினோமே பெரியம்மா" என்றேன். "எனக்கு ஒன்றும் வரவில்லையே தம்பி" என்று போனை நீட்டினார். வேண்டாத மடல்களைத் தானாக ஒதுக்கித் தள்ளுகிற ஸ்பேம் என்ற பெட்டியைத் திறந்து பார்த்தால் எங்கள் மடல் அங்கே உட்கார்ந்திருக்கிறது, பிரிக்காமல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஒவ்வொரு மடலின் அடியிலும் "மடல் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள்" என்று ஒரு வரி இருக்கும். ஸ்பேமுக்குள் கிடக்கும் மடலில் அந்த வரி இருந்து யாருக்கு என்ன பயன்? சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டின கதைதான்.

அதற்குப் பிறகு ஒரு வருடமாக டர்பன், சாட்ஸ்வொர்த், வெருலம், டோங்காட் என்று எங்கள் பட்டியலில் உள்ளவர்களின் போனை வாங்கி வாங்கிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஜிமெயிலோ அவுட்லுக்கோ, அந்தப் பெட்டி அதன் சொந்தக்காரர் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. திறக்கிறாரா, திறக்காமல் அழிக்கிறாரா, ஸ்பேம் என்று புகார் கொடுக்கிறாரா, வெளியே எடுத்து வைக்கிறாரா, எல்லாம் கணக்கு. அதனால் நாம் எத்தனை மடலில் கெஞ்சினாலும் பலன் கொஞ்சம்தான். படிக்கிறவர் கையால் ஒரு தடவை, சரியான நேரத்தில், ஒரு சின்ன வேலையைச் செய்ய வைத்தால் பலன் நிறைய.

முதலில், உண்மையிலேயே ஸ்பேம்தானா என்று பாருங்கள்

"வரவில்லை" என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் ஸ்பேம்தான் காரணம் என்று நானும் நினைத்தேன். இல்லை. கொஞ்சம் பேருக்கு முகவரியே தப்பு. தென்னாப்பிரிக்காவில் எல்லாவற்றுக்கும் டாட் கோ டாட் இசட்ஏ போட்டுப் பழகிய கை, ஜிமெயிலுக்கும் அதையே போட்டுவிடும். நோட்டில் பேனாவால் எழுதி வாங்கினால் இது கட்டாயம் நடக்கும், அதிலும் கூட்டத்தில் நின்றபடி எழுதினால் கேட்கவே வேண்டாம்.

இன்னும் சிலருக்குப் பெட்டியே நிரம்பியிருக்கும். கூகுள் இலவசமாகக் கொடுக்கிற 15 ஜிபி மின்னஞ்சலுக்கு மட்டும் இல்லை, போட்டோக்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். பேரன் பேத்தி வீடியோவெல்லாம் தானாகவே மேலே ஏறி இடத்தை நிரப்பிவிட்டால் புது மடல் ஸ்பேமுக்குக்கூடப் போகாது, அனுப்பினவருக்கே திரும்பி வந்துவிடும். இப்படிப்பட்டவரிடம் ஸ்பேமைத் தேடச் சொல்லி அலைக்கழிக்காதீர்கள், பழைய வீடியோவை அழிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, மகனோ மகளோ போன் வாங்கிக் கொடுத்தபோது புதிதாக ஒரு கணக்கு திறந்து வைத்திருப்பார்கள், நம் மடல் பழைய கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். ஜிமெயிலில் மேலே வலது மூலையில் இருக்கிற வட்டத்தை அழுத்தினால் எந்த முகவரி திறந்திருக்கிறது என்று தெரியும். அதை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மற்ற வேலைக்குப் போங்கள்.

நான்காவது, எப்போதோ தெரியாமல் 'பிளாக்' என்பதைத் தட்டியிருப்பார்கள். ஜிமெயிலில் பிளாக் செய்த முகவரியிலிருந்து வருவதெல்லாம் நேரே ஸ்பேமுக்குத்தான் போகும். கணினியில் செட்டிங்ஸ் போய், 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' என்ற இடத்தில் நம் முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஜிமெயில்: பெரும்பாலான வேலை இங்கேதான்

எங்கள் பட்டியலில் முக்கால்வாசிப் பேர் ஜிமெயில், அதிலும் ஆண்ட்ராய்டு போன். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

1. ஜிமெயிலைத் திறந்து இடது மேல் மூலையில் இருக்கிற மூன்று கோட்டை அழுத்துங்கள். நீளமான பட்டியல் வரும், கீழே தள்ளிக்கொண்டே போனால் 'ஸ்பேம்' இருக்கும். பலருக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

2. நம் மடலைத் திறந்து, மேலே வலது பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, 'ரிப்போர்ட் நாட் ஸ்பேம்' என்பதைத் தட்டுங்கள். மடல் இன்பாக்ஸுக்கு வந்துவிடும். ஸ்பேமுக்குள் வைத்தே படித்துவிட்டு மூடினால் பிரயோஜனம் இல்லை, வெளியே எடுக்க வேண்டும்.

3. இப்போது இன்பாக்ஸில் இருக்கிற அதே மடலுக்கு ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள். 'வணக்கம்' என்று ஒரு சொல் போதும். பதில் போன முகவரி அந்தப் பெட்டிக்குப் பழகின முகவரி ஆகிவிடுகிறது. (இதற்காகவே உங்கள் மடல் பதில் வாங்குகிற முகவரியிலிருந்து போக வேண்டும். 'இதற்குப் பதில் எழுத வேண்டாம்' என்று கோவில் மடலில் போடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.)

4. நம் முகவரியைத் தொடர்புகளில் சேமிக்கச் சொல்லுங்கள். அனுப்பினவர் பெயருக்கு முன்னால் உள்ள வட்டத்தை அழுத்தினால் சேமிக்கிற வழி வரும்.

ஸ்பேமில் 30 நாள்தான் மடல் இருக்கும், அதற்குப் பிறகு தானாகவே அழிந்துவிடும். மாதம் ஒரு மடல் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், போன மாத மடலைத் தேடப் போகும்போது அது அங்கே இருக்காது. அதனால் புது மடல் அனுப்பிய ஒரு வாரத்துக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சிலருக்குத் திரும்ப ஸ்பேமுக்கே போகும். அவர்களுக்கு ஃபில்டர்தான் மருந்து. இது ஜிமெயில் ஆப்பில் முடியாது, கணினி வேண்டும். தேடுகிற கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது, அதை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். 'ஃப்ரம்' என்ற இடத்தில் நம் மடல் முகவரியைப் போட்டு, 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தி, அடுத்து வருகிற பட்டியலில் 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதில் டிக் போட்டு முடிக்க வேண்டும். ஏற்கனவே ஸ்பேமில் கிடக்கிற பழைய மடல்களை இந்த ஃபில்டர் தொடாது, அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு, வார இறுதித் தமிழ் வகுப்பில் இருக்கிற கணினியில் அவர்களையே உள்நுழைய வைத்துச் செய்து கொடுத்தோம். கடவுச்சொல்லை அவர்கள்தான் அடிக்க வேண்டும், நீங்கள் கேட்டு வாங்காதீர்கள், முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்றும் பாருங்கள்.

'ப்ரமோஷன்ஸ்' என்ற பக்கத்தில் மடல் விழுவது வேறு விஷயம். அது ஸ்பேம் இல்லை, சும்மா வேறு ஒரு அலமாரி. ஆனால் கடைச் சலுகைகளுக்கு நடுவில் புரட்டாசிப் பூஜை அறிவிப்பு கிடந்தால் யார் பார்ப்பார்கள்? கணினியில் அந்த மடலைப் பிடித்து இழுத்து 'பிரைமரி' மேல் போட்டால், இனிமேலும் இப்படியே செய்யட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். போனில் மூன்று புள்ளியில் 'மூவ் டு' என்று இருக்கும்.

அவுட்லுக், யாஹூ, ஐபோன்

அவுட்லுக்கிலும் பழைய ஹாட்மெயிலிலும் ஸ்பேமுக்கு 'ஜங்க் இமெயில்' என்று பெயர். மடலை 'நாட் ஜங்க்' என்று வெளியே எடுத்த பிறகு, பிரவுசரில் பல்சக்கரப் படத்தை அழுத்தி மெயில், அதற்குள் ஜங்க் இமெயில் போனால், 'சேஃப் செண்டர்ஸ்' பட்டியல் இருக்கிறது. அதில் நம் முகவரியைச் சேர்க்கலாம், இதற்கு நல்ல பலன் உண்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் முழு டொமைனையும் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பகுதி) சேர்க்க முடியும். உங்கள் மடல் சொந்த டொமைனிலிருந்து போனால் சரி. ஜிமெயில் முகவரியிலிருந்து போகிறது என்றால், யாராவது ஆர்வக்கோளாறில் 'ஜிமெயில் டாட் காம்' என்று மொத்தமாகச் சேர்த்துவிட்டால், உலகத்தில் உள்ள எல்லா மோசடிக்காரனுக்கும் வாசலைத் திறந்து வைத்த மாதிரி. முழு முகவரியை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அவுட்லுக்கில் 'ஃபோகஸ்டு', 'அதர்' என்று இரண்டு பிரிவும் உண்டு. 'அதர்' பக்கம் மடல் கிடந்தால் 'ஆல்வேஸ் மூவ் டு ஃபோகஸ்டு' கொடுத்தால் போதும்.

யாஹூவில் ஸ்பேம் பெட்டிக்குள் போய் மடலைத் தேர்ந்தெடுத்து 'நாட் ஸ்பேம்' அழுத்த வேண்டும், ஃபில்டர் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. ஐபோனின் மெயில் ஆப்பில் ஜங்க் பெட்டியைத் திறந்து மடலை இன்பாக்ஸுக்கு நகர்த்தினால் போதும். ஐபோனில் 2024 டிசம்பரில் வந்த 18.2 பதிப்பிலிருந்து அங்கேயும் 'பிரைமரி', 'ப்ரமோஷன்ஸ்' என்று பிரித்து வைக்கிறார்கள், அதனால் ஐபோன்காரர் "வரவில்லை" என்றால் மற்றப் பிரிவுகளையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

அலுவலக முகவரி கொடுத்திருப்பவர்களிடம் நேரம் செலவழிக்காதீர்கள். அங்கே கம்பெனியின் ஐடி ஆட்கள் வைத்த வடிகட்டி முன்னாலேயே மடலைப் பிடித்து வைத்துவிடும், அவர் கண்ணுக்கே வராது. சொந்த முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

நாங்கள் முதலில் இந்தப் படிகளையெல்லாம் அழகாக ஒரு பக்கத்தில் எழுதிப் பட்டியல் முழுவதற்கும் அனுப்பினோம். யாரும் செய்யவில்லை. நியாயம்தான், கைக்கு வந்த மடலைப் படிக்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை, கவலை உள்ளவருக்கு அந்த மடல் போய்ச் சேரவில்லை.

இப்போது சேர்கிற நாளிலேயே முடித்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்கிற இடம்தான் சரியான இடம், எல்லோர் கையிலும் போன் இருக்கும், யாருக்கும் அவசரம் இல்லை. முகவரியை அவர் கையாலேயே நம் படிவத்தில் தட்ட வைக்கிறோம். உடனே ஒரு வரவேற்பு மடல் போகும். "ஆன்ட்டி, இப்பவே போனைத் திறங்க, வந்திருக்கா பாருங்க." இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேமில் இருக்கும், அங்கேயே வெளியே எடுத்து, 'வணக்கம்' என்று பதில் போட வைத்து, தொடர்பில் சேமித்துவிட்டால் சாம்பார் வருவதற்குள் வேலை முடிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

உறுதிப்படுத்தும் மடலில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் பட்டியலில் சேரும் என்று வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த உறுதி மடலே ஸ்பேமில் விழும், அவர் சேர்ந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

ஏற்கனவே பட்டியலில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்தான் வழி. குழுவில் பொதுவாகப் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும், தனியாக அனுப்புங்கள். நாங்கள் அனுப்புவது இவ்வளவுதான்:

"வணக்கம் ஆன்ட்டி. நம் மடல் இன்று காலை அனுப்பியாகிவிட்டது. இன்பாக்ஸில் இல்லையென்றால் ஜிமெயிலில் மூன்று கோட்டை அழுத்தி, ஸ்பேமில் பாருங்கள். இருந்தால் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ரிப்போர்ட் நாட் ஸ்பேம்' கொடுங்கள். முடியவில்லையென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் செய்து தருகிறேன்."

ஒரே ஒரு வேலைதான் கேட்கிறோம். ஐந்து வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பாதிப் பேர் அதற்குத்தான் பதில் எழுதுகிறார்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டால் அங்கே வேறு என்னவெல்லாம் கிடக்கிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். வரிப் பணம் திரும்ப வருகிறது, பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, வங்கிக் கணக்கை முடக்கப் போகிறோம் என்று ஆயிரம் பொய் மடல்கள். ஒரு தாத்தா நாம் சொன்னதை நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு ஸ்பேமில் இருந்த அத்தனையையும் இன்பாக்ஸுக்கு எடுத்துவிட்டார். நம் முகவரி எது என்று காட்டி, அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், மற்றதைத் தொடவே வேண்டாம்.

நம் பக்கத்துத் தப்பு

படிக்கிறவரை மட்டும் வேலை வாங்கினால் போதாது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டார்கள். அனுப்புகிறவர் யார் என்று நிரூபிக்க வேண்டும். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மடல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டுகிற அடையாளச் சோதனைகள்) மூன்றும் கட்டாயம், ஒரே அழுத்தில் விலகும் பொத்தானும் கட்டாயம். அவுட்லுக் பக்கம் இதே மாதிரி விதி 2025 மேயில் வந்தது. நம் பட்டியல் சின்னது, ஆனால் சின்னவர்களும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மூன்றையும் வைத்துவிட்டால் தலைவலி இல்லை.

சரிபார்க்க சுலபமான வழி: உங்கள் மடலை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணையில் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் டொமைன் வாங்கிக் கொடுத்தவரிடம் இந்த மூன்று பெயரையும் சொல்லிக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

மடல் அனுப்பும் சேவைக்குள் போய், அனுப்புநர் இடத்தில் யாஹூ முகவரியைப் போட்டு அனுப்பாதீர்கள். யாஹூ பெயரில் வெளி ஆட்கள் அனுப்புவதை ஏற்க வேண்டாம் என்று 2014லேயே யாஹூ அறிவித்துவிட்டது. ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்புவதும் வம்புதான். ஒரு டாட் ஓஆர்ஜி டாட் இசட்ஏ டொமைன் வாங்கிக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஆகிற செலவு பெரிசு இல்லை. செயலாளர் தன் சொந்த ஜிமெயிலில் 400 பேரை பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத மறை நகல்) போட்டு அனுப்புகிற பழக்கம் இன்னும் எத்தனையோ கோவில்களில் இருக்கிறது. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் எல்லை, அதைத் தாண்டினால் ஒரு நாள் வரைக்கும் மடல் அனுப்ப விடமாட்டார்கள், காவடிக்கு முந்தின நாள் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மடல் முழுவதையும் ஒரே படமாக, முருகன் படம் போட்ட போஸ்டராக அனுப்புவதை நிறுத்துங்கள். வடிகட்டிக்குப் படத்துக்குள் இருப்பது விளம்பரமா அறிவிப்பா என்பதில் சந்தேகம், டேட்டா மிச்சம் பிடிக்கிறவர் போனில் படம் இறங்கவே இறங்காது. தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுத்தாகவே எழுதுங்கள், படம் கீழே ஒரு ஓரத்தில் இருக்கட்டும்.

அனுப்புநர் பெயரை மாதா மாதம் மாற்றாதீர்கள். நிர்வாகக் குழு மாறினாலும் முகவரி மாறக் கூடாது, மாற்றினால் எல்லோரும் சேமித்து வைத்த தொடர்பும் ஃபில்டரும் வீண்.

விலக விடுங்கள்

எனக்கு இதைச் செய்யத்தான் மனசு வரவில்லை. ஆனால் எங்களுக்கு அதிகக் கெடுதல் செய்தது, நம் மடல் வேண்டாம் என்று நினைத்தும் வெட்கப்பட்டு விலகாமல், ஒவ்வொரு தடவையும் 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்தினவர்கள்தான். அப்படிப் புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழேயே இருப்பது நல்லது என்கிறது கூகுள். 0.3 என்றால் ஆயிரம் பேருக்கு மூன்று பேர். இவர்கள் செய்கிற புகாரால் மடலை ஆசையாகப் படிக்கிறவர் பெட்டியிலும் அது ஸ்பேமுக்குப் போகத் தொடங்கும்.

விலகும் இணைப்பை மடலின் மேலேயே, கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். "இனி மடல் வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்" என்று எழுதியிருக்கிறோம். கொஞ்சம் பேர் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் பூஜைக்குத் தவறாமல் வருகிறார்கள், வாட்ஸ்அப்பே போதுமாம்.

கேட்காமல் யாரையும் சேர்க்கவும் வேண்டாம். நன்கொடை ரசீதுப் புத்தகத்திலிருந்தும், கல்யாண மண்டபம் பதிவு செய்தவர்களிடமிருந்தும் முகவரியை எடுத்துச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். இங்கே போபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் கட்டுப்பட்டாக வேண்டும், அதன்படி மின்னஞ்சலில் நேரடி விளம்பரம் செய்யச் சம்மதம் வேண்டும், நன்கொடை கேட்பதும் அந்த விளக்கத்துக்குள்ளேதான் வருகிறது. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் சேர்க்கப்பட்டவர்தான் முதலில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

அப்புறம் பார்த்துக்கொள்வது

யார் திறந்தார், யார் திறக்கவில்லை என்று மடல் சேவை காட்டுகிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 2021 முதல் ஆப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது, அதனால் ஐபோன்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் திறந்ததாகக் காட்டும். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு பதிலும் எழுதாத, ஒரு இணைப்பும் அழுத்தாத பெயர்களைப் பிரித்து, குழுவில் உள்ள நாலு பேர் பங்கு போட்டு போன் செய்கிறோம். "மடல் வருகிறதா? வேண்டுமா?" இரண்டே கேள்வி. வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம். வேண்டும் ஆனால் வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை போனோடு வரச் சொல்கிறோம்.

அந்தப் பெரியம்மாவுக்கு ஃபில்டர் வரைக்கும் எல்லாம் செய்து கொடுத்தாயிற்று. இந்த வருடம் மடல் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம், ஆனால் மகளுக்கு வரவில்லையாம், அவளுடைய போனையும் கொண்டுவந்திருந்தார்.